எட்டு ஓட்டைப் பெட்டி

இனிமேல் சமையலறை வாசலில் உட்கார்ந்து ஆபீஸ் வேலை பார்ப்பதில்லை என்று முடிவு செய்தேன். சாதாரண முடிவு இல்லை. பல் தேய்க்கும்போதே எடுத்த முடிவு.

என் ஆபீஸ் எங்கள் சாப்பாட்டு மேஜை. அங்கே உட்கார்ந்தால் ஆபீசுக்குப் பாதி ஆள், அடுப்படிக்கு முழு ஆள். "என்னங்க, பால் பொங்குது." "என்னங்க, ரெண்டு வெங்காயம் உரிங்க." பின்ரூமுக்குக் கதவு உண்டு, தாழ்ப்பாளும் உண்டு. வைஃபைதான் அங்கே எட்டாது. வயர் இழுக்கலாம் என்றால் ரவுட்டரில் ஓட்டை காலி இல்லை. அதனால் எட்டு ஓட்டை உள்ள நெட்வொர்க் ஸ்விட்ச் பெட்டி ஒன்று வாங்கி வந்தேன். ரவுட்டரிலிருந்து பெட்டிக்கு ஒரு வயர், பெட்டியிலிருந்து எங்கே வேண்டுமோ அங்கே.

"எதுக்குங்க இது?" என்றாள் மனைவி. பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்குச் சொல்லித் தருகிறவள். விடை தெரிந்துகொண்டுதான் எதையும் கேட்பாள்.

"மூணு மணிக்கு மேனேஜர் மீட்டிங். இன்னொரு தடவை நடுவுல கட்டாச்சுன்னா தினமும் ஆபீசுக்கே வந்துடுங்கன்னுட்டாரு. பின்ரூம்ல வயர் போட்டா கட்டே ஆகாது."

"இந்த மேஜைக்கு வயர் வராதா?"

"பின்ரூம்தான் ஒத்து வருமாம்."

"வயர் சொல்லுச்சா?"

மேஜைக்கடியில் புகுந்தேன். வீட்டிலிருந்த பழைய வயரையெல்லாம் கொண்டுவந்து சொருகினேன். எந்த முனை எந்த வயருடையது என்று கொஞ்ச நேரத்தில் எனக்கே குழம்பிவிட்டது. தரையில் ஒரு முனை அனாதையாகக் கிடந்தது. பெட்டியில் ஒரு ஓட்டை சும்மா இருந்தது. சும்மா இருப்பதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. சொருகினேன்.

பெட்டியின் விளக்கெல்லாம் சாமி வந்த மாதிரி ஆடின. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"என்னங்க, என் கிளாஸ் நின்னு போச்சு."

"பெட்டி மும்முரமா வேலை செய்யுது பாரு. வந்துடும்."

வரவில்லை. டிவியும் போச்சு, போனில் வைஃபையும் போச்சு. அணைத்தேன், போட்டேன், ஊதினேன், தட்டினேன். மணி மூன்றை நெருங்கியது. ஆபீஸ் பஸ்ஸில் நசுங்கி நிற்பது கண்ணில் தெரிந்தது.

"நான் பார்க்கட்டுமா?"

"உனக்கு இதெல்லாம் தெரியுமா?"

"தெரியாது. ஆனா சரியாச்சுன்னா யாருக்கு எந்த ரூம்னு நான்தான் சொல்வேன். சம்மதமா?"

ஆற்றில் அடித்துக்கொண்டு போகிறவன் பேரம் பேசுவானா? தலையாட்டினேன்.

நான் கடைசியாகச் சொருகிய வயரை விரலால் தடவிக்கொண்டே போனாள். மேஜைக் காலைச் சுற்றினாள், நாற்காலிக்கடியில் நுழைந்தாள், அதே பெட்டிக்கே திரும்பி வந்தாள்.

"ஒரே வயரோட ரெண்டு முனையையும் இதே பெட்டியில சொருகி வெச்சிருக்கீங்க. அது பேசறதை அதுவே கேட்டுக்கிட்டு சுத்திச் சுத்தி வருது. அப்புறம் மத்தவங்க பேசறது எங்கே காதுல விழும்? வீட்டுக்கு அப்படி ஒருத்தர் போதும்."

பிடுங்கினாள். விளக்குகள் அடங்கின. எல்லாம் வந்தது.

மூன்று மணிக்கு மீட்டிங். பின்ரூமில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அவள் கணக்கு நடத்தினாள். நான் பழைய மேஜையில், புது வயரோடு. ஒரு நொடிகூடக் கட்டாகவில்லை.

"என்னங்க, அடுப்பை அணைச்சீங்களா?" என்று மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

மேனேஜர் பேச்சை நிறுத்தினார்.

"போய் அணைச்சுட்டு வாங்க, காத்திருக்கோம். இனிமே அந்த இடத்தை மட்டும் மாத்தாதீங்க. உங்க வீட்டுல பேசறது இவ்வளவு தெளிவா கேட்டதே இல்லை."