வெர்லின் வெட்டிய ஓரடிப் பள்ளம்

இந்த ஆகஸ்டோடு மண்வெட்டிக்கு முழுக்கு என்று வெர்லின் முடிவெடுத்தான்.

அவனைக் குறை சொல்லி என்ன பயன்? நெப்ராஸ்கா வெயிலில் தாடி ஐரிஸ் என்ற பூச்செடியின் கிழங்கைத் தோண்டுவது அப்படிப்பட்ட வேலை. மூன்று வருஷம் சும்மா விட்டால் போதும், கிழங்குகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொண்டு பூக்க மாட்டோம் என்று அடம்பிடிக்கும். பிடுங்கி, பிய்த்து, இலையை விசிறி மாதிரி நறுக்கி, மறுபடி நட வேண்டும். பூப்பதோ மே மாதத்தில் இரண்டே வாரம். அதிலும் ஒரு புயற்காற்று அடித்தால் அதுவும் கிடையாது. அவன் மனைவி நாடீனுக்கு அந்த இரண்டு வாரம் போதும். அவனுக்கு முதுகுதான் போதவில்லை.

தவிர, கராஜ் பக்கத்துப் பாத்திமேல் அவனுக்கு ஒரு கண். சமமான தரை. ஐரிஸ் ஒழிந்தால் அங்கே இரும்புக் கம்பி நட்டு, பக்கத்து வீட்டு ஓர்வலோடு அதைக் குறிபார்த்துக் குதிரை லாடம் எறிந்து விளையாடலாம்.

ஐரிஸைக் கொல்வது சுலபம். கிழங்கின் முதுகு வெயிலில் காய வேண்டும். ஆழமாகப் புதைத்தால் அழுகிவிடும்.

தோண்டி முடித்த அன்றே ஆரம்பித்தான். "நாடீன், இந்தத் தடவை நானே நடறேன்."

"காய்ச்சலா உனக்கு?"

"பொண்டாட்டிக்கு ஒத்தாசை பண்ணா தப்பா?"

"தப்பில்ல. வழக்கமில்ல." அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு பின்வாசலில் இருந்த ஒரு கிழங்கு வாளியைக் காட்டினாள். "அதை எடுத்துக்கோ. மேலாக்க நடணும், தெரியும்ல?"

"எனக்கே பாடமா?"

அன்று வெட்டினான் பாருங்கள், கல்யாணத்தன்றுகூட அவன் அப்படி வியர்த்ததில்லை. பாத்தி முழுக்க ஓரடி ஆழம். வாளியைக் கவிழ்த்தான். சீக்கிரம் அழுகட்டும் என்று எருவைக் கொட்டினான். மண்ணை மூடினான். மேலே மரச்சீவலைப் பரப்பினான். ஓர்வல் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தான்.

"யாரைப்பா புதைக்கிற?"

"வாயை மூடு. மே மாசம் லாடத்தோட வா."

மே வந்தது. ஊரெல்லாம் ஐரிஸ். கராஜ் பக்கம் ஓர் இலைகூட இல்லை. கண்ணாடி முன் பழகிய சோக முகத்தோடு வெர்லின் சமையலறைக்குள் போனான்.

"எல்லாம் போச்சு நாடீன். பனி கொன்னுடுச்சு. இனிமே அந்த இடத்துல..."

"ரோஜா வைக்கப்போறேன்," என்றபடி நாடீன் காபியை ஊற்றினாள். "ஓரடிக்கு வெட்டி எருப் போட்டுக் குடுன்னு எத்தனை தடவை கெஞ்சினேன்? முதுகு வலின்னே. கடைசில பாரு, கேக்காமலே வெட்டிட்டே."

வெர்லின் நாற்காலியை இழுத்தான். உட்கார்ந்தான். "அப்ப... ஐரிஸு?"

"நீ புதைச்சது புழு தின்ன கிழங்கு. குப்பைக்கு எடுத்து வெச்சிருந்தேன். நல்லதெல்லாம் ஓர்வல் தோட்டத்துல ஜோரா பூத்திருக்கு."

"ஓர்வலா? அவன் எப்படி இடம் குடுத்தான்?"

"முதல்ல முடியாதுன்னான். காலாகாலத்துக்கும் வெர்லின்தான் வந்து தோண்டுவான்னு சொன்னேன். உடனே சரின்னுட்டான்."

ஜன்னலுக்கு வெளியே, வேலியோரம் ஓர்வல் சிரித்தபடி கையசைத்தான். அவன் கையில் லாடம் இல்லை, மண்வெட்டி இருந்தது.