சட்டியில் மிதக்காத எருமை

ஒரு காட்டில், ஆறு இரண்டாகப் பிரிந்து ஓடிக் கொஞ்ச தூரத்தில் மறுபடி ஒன்றுசேரும் இடத்தில், ஒரு மணல் திட்டு இருந்தது. அதில் முயல்களும் முள்ளெலிகளும் குடும்பம் குட்டியோடு வாழ்ந்தன. கோடையெல்லாம் அது சொர்க்கம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் ஆறு ஏறும், திட்டு முழுகும். அதற்கு முன்னால் எல்லாரையும் வாழைமரத் தெப்பத்தில் ஏற்றி, கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, கரைக்கு இழுத்து வருவது அல்லி என்ற இளம் எருமையின் வழக்கம். யாரும் அவளை நியமிக்கவில்லை. அவள் எப்போதும் தண்ணீரில் கிடப்பவள், தெப்பம் பக்கத்தில் கிடந்தது, திட்டில் சிநேகிதிகள் இருந்தார்கள். இதற்கு மேல் என்ன காரணம் வேண்டிக்கிடக்கிறது?

ஆனால் போன மழைக்கு ஒரு காட்டுப்பன்றி கிழங்கு ஏற்றி இழுத்துப் போன தெப்பம், கயிறு அறுந்து, சிங்கராஜா குளித்துக்கொண்டிருந்த துறையில் போய் மோதிவிட்டது. ராஜாவுக்கு அடி ஒன்றுமில்லை. பிடரிதான் நனைந்து தலையோடு ஒட்டிக்கொண்டது. ராஜாவின் தலை ஒரு சுமாரான பூசணிக்காய் அளவுதான் என்பது அப்போதுதான் சபைக்கே தெரிந்தது. சிரித்தவர்கள்மேல் நடவடிக்கை எடுக்கலாமென்றால், சிரிக்காதவர் யாருமில்லை. ஆகவே தெப்பங்களின்மேல் நடவடிக்கை எடுக்கப்பட்டது. உள்நாட்டு நீர்வழி இழுவைக் கலங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் பிறந்தது. அதை அமல்படுத்த ஆற்றங்கரையில் ஒரு கொட்டகை போட்டு, ஓர் உடும்பை ஆய்வாளராக உட்கார வைத்தார்கள்.

அந்த வருஷம் மழை முந்திக்கொண்டது.

“அடியே அல்லி!” என்று திட்டிலிருந்து கத்தினாள் வள்ளிக்கொடி. அவள் நிறைமாத முயல். “தண்ணி வளைக்குள்ள வந்துருச்சுடி! எங்கடி தொலைஞ்ச?”

“இந்தா வந்துட்டேன்டி!” என்று அல்லி கயிற்றைத் தோளில் மாட்டினாள். மாட்டிய கயிற்றின் மறுமுனையை உடும்பு பிடித்துக்கொண்டது. உடும்பு பிடித்தால் விடுமா?

“சான்றிதழ் எங்கம்மா?”

“என்ன சான்றிதழ் சார்?”

“நீரில் மிதந்தபடி இன்னொன்றை இழுத்துச் செல்லும் எதுவும் இழுவைக் கலம். கலம்னா மிதவைச் சோதனையில தேறியிருக்கணும். அதோ, சோதனைத் தொட்டி.”

அல்லி திரும்பிப் பார்த்தாள். கொட்டகையின் மூலையில் ஒரு மண்சட்டி இருந்தது. மீன்குழம்பு வைக்கிற அளவு.

“இதுலயா?”

“இதுலதான். தலைமையகத்திலிருந்து வந்த தொட்டி.”

அல்லி வாதாடுகிறவள்தான், ஆனால் அன்று வாதத்துக்கு நேரமில்லை. முன்னங்கால் ஒன்றைச் சட்டிக்குள் வைத்தாள். தண்ணீர் முழுக்க வெளியே வந்துவிட்டது. உடும்பு குனிந்து பார்த்தது.

“மிதக்கலியே.”

“சார், பொறந்ததுலேர்ந்து நான் இந்த ஆத்துலதான் மிதக்கறேன்! நேத்துகூட என் முதுகுல ஏறித்தானே அக்கரைக்குப் போனீங்க?”

“அது தனிப்பட்ட பயணம்மா. அலுவல்ரீதியா நீ மிதக்கல.”

இதற்குமேல் வாயை மூடிக்கொண்டிருக்க அல்லியால் ஆகாது. “சரி, ஒண்ணு கேக்கறேன். போன வருஷம் அறுந்தது எது? கயிறு. உங்க சட்டத்துல கயிறைப் பத்தி ஒரு வரி இருக்கா?”

“கயிறு வேற துறை.”

“இன்னொண்ணு. நான் எப்படி சார் கலம் ஆவேன்? எனக்கு வால் இருக்கு, வயிறு இருக்கு. போன மாசம் சளி பிடிச்சுது. கலத்துக்குச் சளி பிடிக்குமா? சொல்லுங்க பார்ப்போம்!”

உடும்பு நாக்கை நீட்டி, உள்ளே இழுத்து, வெகுநேரம் யோசித்தது. அதற்குள் திட்டின் கீழ்க்கரை ஒரு துண்டு சரிந்து ஆற்றோடு போயிற்று.

“வாஸ்தவம்தான்” என்றது கடைசியில். “நீ கலமில்லை.”

அல்லிக்கு உச்சி குளிர்ந்தது. வாழ்க்கையில் முதன்முறையாக ஓர் அதிகாரியை வாதத்தில் வென்றிருக்கிறாள். “அப்ப நான் போலாமா?”

“எப்படிப் போவ? ஆத்துல இறங்கற, ஆனா கலமில்லாத எதுவும் சட்டப்படி சரக்கு. சரக்கு தானா நகரக் கூடாது. அங்கீகாரம் பெற்ற கலம் ஏதாவது உன்னை இழுக்கணும்.”

“அங்கீகாரம் பெற்ற கலம் இந்தக் காட்டுல எது?”

“ஒண்ணே ஒண்ணு. தோணியப்பன்.”

தோணியப்பன் ஒரு தவளை. சட்டி வந்த அன்றே அதில் குதித்து, மல்லாந்து, குப்புறப் படுத்து, எல்லா விதத்திலும் மிதந்து காட்டியவன். எச்சரிக்கை ஒலி எழுப்பும் சோதனையில் அவனை நிறுத்துவதுதான் பெரும்பாடாகிவிட்டது. கொட்டகை வாசலில் சான்றிதழைக் குடையாகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

அல்லி ஓடினாள். “அண்ணே, ஒரு எருமையை இழுக்கணும்.”

“எவ்வளவு கனம்?”

“நான்தாண்ணே அந்த எருமை.”

தோணியப்பன் அவளைக் கொம்பிலிருந்து குளம்புவரை பார்த்தான். “இழுத்துரலாம். ஆனா எனக்கு ஈரம் ஆகாது தங்கச்சி. உன் தலையில உக்காந்து இழுக்கலாமா?”

அல்லி ஆற்றுப் பக்கம் திரும்பினாள். திட்டில் வள்ளிக்கொடி பின்னங்காலில் நின்றுகொண்டு, போன ஈற்றுக் குட்டி ஒன்றைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருப்பதைப் பார்த்தாள். ஆத்திரத்தை விழுங்கிவிட்டு ஒரு அறுகம்புல்லைக் கடித்துப் பறித்தாள். அதன் ஒரு நுனியைத் தன் கொம்பில் சுற்றி, மறு நுனியைத் தவளையின் கையில் கொடுத்து, அவனை நெற்றியில் உட்கார வைத்தாள்.

உடும்பு வந்து புல்லைத் தொட்டுப் பார்த்தது. “கலம், முன்னால். சரக்கு, பின்னால். சரி. போகலாம்.”

ஆறு சுழித்துக்கொண்டு ஓடியது. காலி தெப்பமே கல்லாய்க் கனத்தது. முதல் நடைக்கு முயல்கள் ஏறிய பிறகு கயிறு அல்லியின் தோளை அறுத்தது. மூக்குவரை தண்ணீர். நடு ஆற்றில் ஒரு மரக்கட்டை அடித்துக்கொண்டு வர, அவள் உடம்பைக் குறுக்கே கொடுத்துத் தெப்பத்தைக் காப்பாற்றினாள்.

“பாத்து வா, பாத்து வா!” என்று தோணியப்பன் மேலேயிருந்து கத்தினான். “நீ இப்படி ஆடினா நான் எப்படி இழுக்கறது?”

கரையில் முயல்கள் இறங்கின. செய்தி கேட்டுச் சிங்கராஜாவே வந்துவிட்டார், தண்ணீருக்கு வெகு தூரத்தில் நின்றபடி. ஒரு தவளை, எருமையையும் தெப்பத்தையும் சேர்த்து இழுத்ததென்றால் சாதாரணக் காரியமா? அல்லிப் பூமாலை ஒன்று வரவழைத்துத் தோணியப்பனுக்குப் போட்டார். மாலையில் அவன் காணாமல் போய்விட்டான். தேடி எடுத்து மறுபடி போட்டார்.

“கை ரெண்டும் விட்டுப்போச்சு ராஜா” என்றான் அவன் அடக்கத்தோடு.

அல்லி கரையேறினாள். தோளில் ரத்தம். சொல்வதற்கு அவளிடம் நிறைய இருந்தது. முதல் கேள்வி, இரண்டாம் கேள்வி, அதற்கு இவர்கள் சொல்லப்போகும் பதில், அந்தப் பதிலைக் கிழிக்கும் மூன்றாம் கேள்வி எல்லாம் தயார். வாயைத் திறந்தாள்.

வள்ளிக்கொடி அவள் காதருகே வந்து கிசுகிசுத்தாள். “எனக்குத் தெரியும்டி யார் இழுத்தான்னு. ஆனா அங்க பாரு.”

திட்டு ஒரு பாய் அளவுக்குச் சுருங்கியிருந்தது. அதன்மேல் முள்ளெலிகள், ஒன்றை ஒன்று குத்தாமல் நெருங்கி நிற்க முடியாமல், நெருங்கி நின்றுகொண்டிருந்தன.

அல்லி திறந்த வாயை மூடினாள். பிறகு, ராஜாவுக்கும் கேட்கும்படியாகத் திறந்தாள்.

“தோணியப்பண்ணே! உங்களை மாதிரி இழுக்க யாரால முடியும்! இன்னொரு நடை போயிட்டு வந்துருவோமா?” என்று சொல்லி, அவன் ஏறுவதற்கு வாகாகத் தலையைத் தாழ்த்தினாள்.

நீதி: பாரம் இழுக்கிறவருக்குச் சான்றிதழ் தேவையில்லை. சான்றிதழ் உள்ளவரைத் தலையில் ஏற்றிக்கொண்டால் போதும். அவர் கை வலிக்கிறது என்றால் நம்பிவிடவும்.