தொடாமல் கரண்ட் பார்க்கும் மீட்டரும் தொட்டால் சிணுங்காத மாப்பிள்ளையும்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கு யாவரும் நலம். தாங்களும் சம்பந்தியம்மாளும் நலமென்று நம்புகிறேன். இப்போதைக்கு நான் நம்புவது இதை மட்டும்தான். போனில் பேசினால் மாடியில் குடியிருக்கும் தங்கள் மகன் காதில் விழும் என்பதால், பேப்பர்காரரிடம் கடிதமாகக் கொடுத்தனுப்புகிறேன். உறை ஒட்டியபடி வந்ததா என்று பார்த்துக்கொள்ளவும்.

விஷயம் இதுதான். எங்கள் படுக்கையறையில் புது ஏசி ஓடுகிறது, கரண்ட் பில் மட்டும் ஏறவே இல்லை. ஏறினால் யாரையாவது பிடித்துக் கேட்கலாம். ஏறவில்லை என்றால் யாரைக் கேட்பது? நாளைக்கு ஈ.பி. ஆபீஸ்காரர்கள் வந்து திருட்டுக் கரண்ட் என்று என்னையல்லவா இழுத்துக்கொண்டு போவார்கள்! இந்த வீட்டில் ஒயர் வேலை தெரிந்தவர் லிப்ட் மெக்கானிக்கான தங்கள் மகன் ஒருவர்தான். கேட்டேன். "சந்தேகம்னா நீங்களே பாருங்க மாமா" என்று, நண்டுக் கொடுக்கு மாதிரி வாய் திறக்கும் ஒரு மீட்டரைக் கையில் திணித்தார். ஒயரை வெட்ட வேண்டாம், உரிக்க வேண்டாமாம். கரண்ட் ஓடினால் சுற்றிலும் காந்தம் உண்டாகுமாம், அதை இது மோப்பம் பிடித்துச் சொல்லிவிடுமாம். டாக்டரே கையைப் பிடித்துத்தான் நாடி பார்க்கிறார்! சரி, பார்ப்போமென்று மாடிக்குப் போகிற ரெண்டு ஒயரையும் சேர்த்துக் கொடுக்குக்குள்ள விட்டேன். மேல வாஷிங் மெஷின் தடதடன்னு ஓடுது, மீட்டர்ல பூஜ்யம்! திருட்டுக் கரண்டேதான்! "மாட்டிக்கிட்டீங்களா மாப்பிள்ளை!"ன்னு கத்தினேன். அவர் சிரிச்சுக்கிட்டே, "போறதும் வர்றதும் சேர்ந்து நின்னா ஒண்ணையொண்ணு அழிச்சிடும் மாமா, மொத்தத்துல பூஜ்யம்தான். ஒண்ணை விட்டுட்டு ஒண்ணை மட்டும் பிடிங்க"ன்றார். அப்போ என்னோட சேர்ந்து நின்னது யாரு தெரியுமா? என் சம்சாரம்! நாங்க ரெண்டு பேரும் சேர்ந்தா பூஜ்யமாம், ஒண்ணை விட்டுடணுமாம்! "வீட்டைக் காலி பண்ணுங்க"ன்னுட்டேன். "ஒயரைச் சொன்னேன் மாமா"ங்கிறார். யாரைச் சொன்னார்னு எனக்குத் தெரியாதா? மகளும் முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டுப் பெட்டி கட்டுறா. நாளைக்கு வண்டி வருதாம். வரட்டுமே, எனக்கென்ன.

ஆகவே, தாங்கள் தங்கள் மகனைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கண்டிக்க வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறேன். சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம். தங்கள் குடும்பத்தில் எல்லோரும் நீடூழி வாழ்க. தங்கள் மகனும் வாழட்டும், வேறிடத்தில்.

இப்படிக்கு,
தங்கள் அன்புச் சம்பந்தி

பி.கு.: விடிந்ததும் உறையை ஒட்டப் போகும்போது என் சம்சாரம் மீட்டரைப் பிடுங்கிக்கொண்டு போய், எங்கள் ஏசிக்கு வரும் ஒற்றை ஒயரில் மாட்டினாள். எண் ஏறியது. பிறகு மாடி வீட்டு மெயினை அணைத்தாள். எங்கள் ஏசி நின்றது, மீட்டரும் பூஜ்யத்துக்கு வந்தது. இத்தனை நாளும் எங்கள் ஏசி ஓடியது அவர்கள் கரண்டில்! பில் ஏறினால் நான் ஏசியை அணைத்துவிடுவேன், புழுக்கத்தில் அத்தைக்கு மூச்சுத் திணறும் என்று மாப்பிள்ளையே லைனை மாற்றிக் கொடுத்தாராம். என்னிடம் சொல்லக் கூடாதென்று சத்தியம் வாங்கியது இவளாம். மேலே எழுதியதைப் படிக்காதீர்கள், கிழித்துப் போடுங்கள். உடனே அவருக்குப் போன் போட்டு, போக வேண்டாமென்று சொல்லுங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். இல்லை, மாமாதான் கெஞ்சிக் கேட்டார் என்றே சொல்லுங்கள். வாசலில் வண்டி வந்து நிற்கிறது.