சைனைட் டம்ப்பில் என் பக்கத்தில் நின்றவன்

ஒரு விஷயத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பதினேழு வயதில் நான் அழகாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லாத் தொல்லையும் அங்கேதான் தொடங்கியது. இன்று விடியற்காலையில் எழுந்து பெங்களூருக்கு வேலைக்கு ஓடுகிற எனக்குக் கண்ணாடி பார்ப்பதே இன்னொரு வேலையாகிவிட்டது. அந்தப் பெண்ணை நினைத்தால் கோபம்கூட வருவதில்லை. போய்ப் படுத்துத் தூங்கு தாயே என்று சொல்லத்தான் தோன்றுகிறது.

அப்போது கோலார் தங்க வயலில் இரண்டாம் பியுசி படித்துக்கொண்டிருந்தேன் (பன்னிரண்டாம் வகுப்புதான், கர்நாடகத்தில் அதற்கு அந்தப் பெயர்). கடைசி வருஷப் பிள்ளைகளுக்காக ஒரு ஆல்பம் போடப்போவதாக அறிவித்தார்கள். ஆளுக்கு ஒரு முழுப் பக்கம். அவரவர் விருப்பமான போட்டோகிராபரிடம் படம் எடுத்து, இரண்டாவது வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்துவிட வேண்டும். விருப்பம் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் வீட்டில் அதுவரை என்னை யாரும் எதற்கும் விருப்பம் கேட்டதில்லை. தோசைக்குச் சட்னியா சாம்பாரா என்பதைக்கூட அம்மாதான் முடிவு செய்வார்.

போட்டோகிராபரையும் அம்மா முடிவு செய்து வைத்திருந்தார். ஆண்டர்சன்பேட்டையில் எங்கள் சபைக்காரர் ஒருவர் ஸ்டுடியோ வைத்திருந்தார். ஞானஸ்நானம், திடப்படுத்தல், கல்யாணம், அடக்க ஆராதனை எல்லாவற்றுக்கும் அவர்தான் வருவார். பின்னால் நீலத் துணி, மேலே தூக்கிய முகவாய், சிரிக்காதே என்று ஒரு அதட்டல். அவர் எடுத்த படங்களில் கல்யாணப் பெண்ணுக்கும் பெட்டிக்குள் கிடப்பவருக்கும் ஒரே முகபாவம்தான் இருக்கும்.

"அவர்கிட்டயே எடுத்துக்க. மூஞ்சி தெளிவா வுழுது இல்ல, அது போதும்" என்றார் அம்மா.

எனக்குப் போதவில்லை. பஜாரில் புதிதாக ஒருவர் கடை போட்டிருந்தார். பெங்களூரில் தொழில் கற்று வந்தவர். கடை வாசலில் ஆளுயரப் படம் ஒன்று. கல்யாணம் நிச்சயமான ஒரு ஜோடி சைனைட் டம்ப் மேல் நின்று ஒருவரையொருவர் பார்த்து உருகிக்கொண்டிருந்தது. (சைனைட் டம்ப் என்றால், சுரங்கத்துக் கல்லை அரைத்துத் தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய மண். எங்கள் ஊரில் மலை மலையாகக் கிடக்கிறது. படத்தில் பார்த்தால் பாலைவனம். நேரில் போனால் அந்தப் பாலைவனத்தில் பாதி வாய்க்குள் வந்துவிடும்.) நானும் என் தோழி ஸ்டெல்லாவும் அந்தப் படத்தின் முன்னால் கால் வலிக்க நின்றோம். எடுத்தால் இங்கேதான் என்று அன்றே தீர்மானித்துவிட்டேன்.

ஆனால் அது நான் வாலைச் சுருட்டிக்கொண்டு இருந்திருக்க வேண்டிய மாதம். பெங்களூரில் ஒரு கல்லூரியில் பி.காம் சேர விண்ணப்பம் வாங்கி, நிரப்பி, டிவி மேல் வைத்திருந்தேன். அப்பாவின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அப்பா சுரங்கம் மூடும்வரை பூமிக்கடியில் வேலை பார்த்தவர். மூடிய பிறகு பெங்களூரில் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். ஆகவே பூமிக்கு மேலேயும் கீழேயும் யாரையும் நம்ப மாட்டார். மூன்று வாரமாக "பாக்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கையெழுத்து விழாவிட்டால் நான் வீட்டிலேயே கிடந்து, அத்தை கூட்டிவரும் மாப்பிள்ளைகளுக்குக் காபி நீட்ட வேண்டியதுதான்.

இருந்தும் புத்தி வேலை செய்யவில்லை. ஒரு வாரம் கடலை மாவும் தயிரும் பூசிக்கொண்டு பஜ்ஜி மாதிரி உட்கார்ந்திருந்தேன். அம்மாவின் ரோஸ் நிறப் பட்டுப் புடவையைக் கேட்டு வாங்கினேன். புருவம் மட்டும்தான் பாக்கி. பார்லரில் நூலால் எடுப்பதை நூறு தடவை பார்த்திருப்பதாகவும், அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை என்றும் ஸ்டெல்லா சொன்னாள். இடது புருவம் நன்றாகவே வந்தது. வலது புருவம் பாதியில் காணாமல் போனது.

"முடிதான, வளந்துடும்" என்றாள்.

"நாளைக்குள்ளயாடி?"

மறுநாள் ஸ்டுடியோவுக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். எந்த ஸ்டுடியோ என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஸ்டெல்லா அவள் வீட்டில் கணக்கு ட்யூஷன் என்று சொல்லிவிட்டு ஜீன்ஸ் பேன்ட்டோடு வந்தாள். அவள் அப்பா மகா முன்கோபி.

சைனைட் டம்ப்பில் போட்டோகிராபர் அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேமராவைக் கீழே இறக்கினார்.

"இன்னாம்மா, ஒரு பக்கம் மட்டும் ஷாக் ஆனா மாதிரி கீற?"

விஷயத்தைச் சொன்னேன். அனுபவசாலி, உடனே வழி கண்டுபிடித்தார். நல்ல புருவம் மட்டும் தெரிகிற மாதிரி எல்லாப் படத்திலும் நான் ஒரே பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும். அதுவரை சரி. ஆனால் அந்த மனிதருக்குத் தெரிந்த போஸ் எல்லாம் ஜோடிக்கானவை. தனியாக ஒரு ஆளை நிறுத்திப் படம் எடுத்துப் பழக்கமே இல்லை.

"அந்தாண்ட ஒருத்தர் நிக்கிறார்னு நெனச்சுக்கம்மா. ஸ்வல்ப பாசமா பாரு. கைய நீட்டு. ஆங், அப்டியே தோள்ல சாஞ்சிக்க."

இல்லாத தோளில் எப்படிச் சாய்வது என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, சாய்ந்தேன். வெட்கப்படச் சொன்னார், பட்டேன். காற்றின் கையைப் பிடித்துக்கொண்டு மணல் மேட்டில் ஏறினேன். ஸ்டெல்லா வெயிலுக்கு அண்ணனின் தொப்பியை வாங்கிப் போட்டுக்கொண்டு, படத்தில் விழாமல் எனக்கு முன்னால் ஒதுங்கி நின்றாள். முந்தானை பின் கழன்றபோது, "ஏய், பின்னு" என்று கையை நீட்டினாள். அந்த நேரம் பார்த்து அண்ணன் ஒரு படம் எடுத்தார்.

கிளம்பும்போது அவரிடம் கெஞ்சினேன். "அண்ணா, என்கூட ஆள் வந்தது யாருக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா கொன்னுடுவாங்க." ஸ்டெல்லாவை அவள் அப்பாவிடமிருந்து காப்பாற்றுவதாக எனக்கு நினைப்பு. அண்ணன் கேமரா மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார்.

சனிக்கிழமை அப்பா ரயிலடியிலிருந்து வருகிற வழியில், அதே அண்ணன் அவரைக் கூப்பிட்டு உறையைக் கொடுத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கோவில் ஆராதனை முடிந்து, சாப்பாடு முடிந்து, மேசையைத் துடைத்துவிட்டு அப்பா படங்களை வரிசையாகப் பரப்பினார். கண்ணாடி போட்டுக்கொண்டு பன்னிரண்டு படத்தையும் பார்த்தார். பிறகு நிதானமாகக் கேட்டார்.

"இந்தப் பக்கம் யாரு?"

"யாரும் இல்லப்பா."

"அப்பறம் எதுக்கு இவ்ளோ எடம் வுட்டுக்கீது?"

அவர் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. பன்னிரண்டு படத்திலும் நான் ஒரு ஓரமாக நின்று, இன்னொரு ஓரத்தை உயிரைக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற யாரையோ கத்தரித்து எடுத்த மாதிரியே இருந்தது. கடைசிப் படம்தான் என் தலையில் மண்ணைப் போட்டது. அதில் மணல்மேல் ஒரு நிழல் நீண்டு என் கால்வரை வந்திருந்தது. தொப்பி, பேன்ட், என்னை நோக்கி நீட்டிய கை. சாயங்கால வெயிலில் ஸ்டெல்லா ஏழடி ஆம்பளையாகியிருந்தாள்.

அம்மா படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் புடவைதான கட்டினு போன என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அப்பா நேராகப் போட்டோகிராபர் கடைக்குப் போனார். அங்கேயாவது காரியம் முடிந்திருக்கலாம். ஆனால் என் துரதிர்ஷ்டம், அண்ணன் சொன்ன சொல் தவறாதவர்.

"சார், கூட ஆள் வந்தது நெஜம். யாருன்னு மட்டும் கேக்காதீங்க, பாப்பாவுக்கு வாக்கு குடுத்துட்டேன். நீங்கதான் பெரிய மனசு பண்ணி ரெண்டு பேரையும் மன்னிக்கணும்" என்று சொல்லியிருக்கிறார்.

அப்பா திரும்பி வந்து, டிவி மேல் இருந்த விண்ணப்பத்தை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சுரங்கத்தில் விபத்து நடந்தால் என்கொயரி வைப்பார்களாம். சம்பந்தப்பட்டவர்களை அதே ஆழத்து லெவலுக்கு இறக்கி, அவரவர் நின்ற இடத்தில் நிறுத்தி, நடந்ததை மறுபடி நடத்திப் பார்ப்பார்களாம். ஆபீசில் உட்காரவைத்துக் கேட்டால் ஆள் பொய் சொல்லுவான், நின்ற இடத்தில் நிறுத்திவிட்டால் இடமே உண்மையைச் சொல்லிவிடும் என்பது அப்பாவின் கட்சி. காய்ச்சலுக்குக்கூட லீவு போடாத மனிதர் புதன்கிழமை லீவு போட்டார். டேப், நாலு குச்சி, அந்தப் படம், அதே தொப்பி, அம்மா, நான், போட்டோகிராபர் அண்ணன் எல்லாரும் அதே நேரத்துக்குச் சைனைட் டம்ப் ஏறினோம். எனக்கு அதே ரோஸ் புடவை. வாக்கிங் வந்தவர்கள் சினிமா ஷூட்டிங் என்று நினைத்துச் சுற்றிலும் நின்றார்கள்.

என்னைப் படத்தில் இருந்த மாதிரியே நிறுத்தி, நிழலின் தலை விழுந்த இடத்தில் ஒரு குச்சியை நட்டார். பிறகு தொப்பியை அம்மாவின் தலையில் வைத்து, ஆள் நின்றதாக அண்ணன் காட்டிய இடத்தைச் சுட்டி, "அங்க போய் நின்னு கைய நீட்டு" என்றார். அம்மா முணுமுணுத்துக்கொண்டே போய் நீட்டினார். நிழல் அளவெடுத்த மாதிரி அந்தக் குச்சியில் போய் முட்டியது.

அப்பா திடுக்கிட்டுவிட்டார். டேப்பால் மறுபடி அளந்தார். "உன் ஒசரம்தான் கீறான்" என்றார் அம்மாவிடம்.

அம்மா தொப்பியோடு என் பக்கம் திரும்பினார். "போயும் போயும் இவ்ளோ குள்ளமா ஒருத்தனையாடி புடிச்ச?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அப்பா விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். எங்கள் சபையில் ஐந்தடி இருக்கிற ஆண்பிள்ளைகள் யார் யார் என்று. ஆர்கன் வாசிக்கிறவர், காணிக்கைப் பை எடுக்கிறவர் என்று போய், ஆயர்வரைக்கும் வந்துவிட்டார். ஆயருக்கு ஐம்பத்தாறு வயது. இனியும் பொறுத்தால் என்னை அவருக்கே கட்டிவைத்துவிடுவார்களோ என்ற பயத்தில், மூன்று நாள் காப்பாற்றிய தோழியை ஒரே மூச்சில் காட்டிக்கொடுத்தேன்.

"ஸ்டெல்லாப்பா. ஸ்டெல்லாதான் நின்னா."

அப்பா நம்பவில்லை. என்கொயரி என்றால் என்கொயரி. மறுநாளும் லீவு போட்டு, அதே நேரத்துக்கு ஸ்டெல்லாவை வீட்டிலிருந்து வரவழைத்து (கூடவே அவள் அப்பாவும் வந்தார், அந்தக் கதை வேண்டாம்), தொப்பி மாட்டி நிறுத்தினார்கள். நிழல் அதே குச்சியில் முட்டியது. போட்டோகிராபர் அண்ணன், "இந்தப் பொண்ணுதான் சார்" என்று பெருமூச்சு விட்டார். ஸ்டெல்லா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

அப்பா மணலில் உட்கார்ந்து அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஆள் இல்லன்றத ஒத்துக்கறேன்" என்றார். "ஆனா ஆள் இல்லாத எடத்தயே இப்டிப் பாக்கறியே. நாளைக்கு பெங்களூர்ல நெஜமாவே ஒருத்தன் வந்து நின்னா இன்னா பண்ணுவ?"

கேட்டுவிட்டு அவரே சட்டைப் பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்து, தொடைமேல் வைத்து, அங்கேயே கையெழுத்துப் போட்டார். ஒரே ஒரு நிபந்தனை. தினமும் அவரோடுதான் போக வேண்டும், அவரோடுதான் வர வேண்டும். அதற்காகக் கம்பெனியில் ஷிப்டையும் மாற்றிக்கொண்டார்.

ஆல்பத்துக்கு நீலத் துணிக்காரரிடமே போய் நேராகப் பார்த்து எடுத்துக்கொண்டேன். ஒன்றரைப் புருவமும் தெளிவாக விழுந்திருக்கின்றன. மூன்று வருஷம் ரயிலில் என் பக்கத்து இடத்தில் அப்பாதான் உட்கார்ந்தார். பங்காருப்பேட்டை தாண்டுவதற்குள் வாயைத் திறந்துகொண்டு என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவார். எந்தப் பையனும் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இப்போது எனக்கு இருபத்தொன்பது. அப்பா ரிட்டையராகிவிட்டார். ஜாதகம் இல்லாத எங்கள் வீட்டில் வேதப் புத்தகத்துக்குள் மாப்பிள்ளைகளின் போட்டோக்கள் இருக்கின்றன, ஒன்றும் அமையவில்லை. வருகிற உறவுக்காரர்களுக்கெல்லாம் அம்மா அந்த நிழல் படத்தைக் காட்டி, "நாங்களே தொரத்தி வுட்டுட்டோம், பாவம், குள்ளமா இருந்தாலும் நல்ல பையன்" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். அப்பா மட்டும் சிரிப்பதில்லை. போன வாரம் நான் கிளம்பும்போது செருப்பு மாட்டும்வரை கூடவே நின்றிருந்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்.

"ரயில்ல உன் பக்கத்துலருந்து நான்தான் எழுந்துட்டேனேம்மா. அந்த எடம் காலியாதான கீது. யாராவது இருந்தா சொல்லு, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

சரிப்பா என்றேன். திரும்பி வருகிற ரயிலில் எனக்கே உட்கார இடம் கிடைப்பதில்லை என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது.