தோப்பில் முளைத்த கல்

தங்கப்பாண்டியன் கல்லை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. சிமெண்ட் போட்டு நட்டிருந்தார்கள். தலையில் சிவப்புப் பெயிண்ட், நெற்றியில் ஒரு நம்பர். தென்னந்தோப்பின் நடுவில், எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி நின்றது.

ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போன ஜீப் குமுளி மலையிலிருந்து இறங்கி வருகிற நேரம். அதில் அவர் மனைவி மாயக்காள் வருவாள். தோப்பு அவளுடையது. கல்யாணத்தின்போது அவள் அப்பா எழுதிக் கொடுத்தது.

கல், அணைக்காக நட்ட கல். அந்த அணையைக் கேட்டு அலைகிற குழுவுக்குச் செயலாளரே தங்கப்பாண்டியன்தான்.

கம்பம் பள்ளத்தாக்கில் பெரியாற்றுத் தண்ணீர் பாய்கிற பக்கம் நெல்லும் வாழையுமாகக் கிடக்கும். அவருடைய ஊர் அனுமந்தன்பட்டிக்குக் கிழக்கே, மேட்டில் இருந்தது. அந்தத் தண்ணீர் அங்கே ஏறாது. போர் போட்டால் புழுதிதான் வரும். மழைக்காலத்தில் மட்டும் செங்கரட்டு ஓடை இரண்டு கரையையும் முட்டிக்கொண்டு ஓடும். மறுவாரம் போய்ப் பார்த்தால் மணல். அந்தத் தண்ணீரை ஓர் இடத்தில் நிறுத்தி வைத்தால் கீழே உள்ள மானாவாரிக் காடெல்லாம் பச்சையாகும் என்பதுதான் அவருடைய வாதம். கலெக்டர் ஆபீசில் சொன்னார், மந்திரி வந்த மேடையில் சொன்னார், டீக்கடையில் தினமும் சொன்னார்.

முதலில் பார்த்த இடத்தில் அணை வந்தால் ராயப்பன்பட்டி லூர்துநாதனின் புளியந்தோப்பு மூழ்கும் என்றார்கள். லூர்துநாதன் கூட்டத்தில் எழுந்து, "என் மரத்துக்கு என்னப்பா வழி?" என்று கேட்டார். தங்கப்பாண்டியன் அவர் தோளில் கை போட்டு, ஊர் வாழ ஒருத்தர் மனசை விரிக்கணும் என்று வெகுநேரம் பேசினார். கைதட்டல் பலமாக இருந்தது. லூர்துநாதன் மட்டும் தட்டவில்லை.

இப்போது உதவிப் பொறியாளர் யுவராணி போன் செய்து, மேலே லூர்துநாதன் தோப்புப் பக்கம் பாறை சரியில்லை, அணையைக் கீழே தள்ளியாகிவிட்டது, கல்லும் நட்டாகிவிட்டது என்று சொல்லியிருந்தாள். கீழே என்றால் மாயக்காள் தோப்பு.

தங்கப்பாண்டியன் காய்ந்த மட்டைகளை இழுத்து வந்து கல்லை மூடினார். நல்ல யோசனைதான். ஆனால் அடுப்புக்கு மட்டை பொறுக்க மாயக்காள் நேரே அந்தக் குவியலுக்குத்தான் வந்தாள்.

"இது என்னங்க?"

அவருக்குச் சட்டென்று வந்தது ஒரே பதில்.

"சாமி."

"என்ன சாமி?"

"பேரு இன்னும் சொல்லல. கனவுல வந்து தோப்புல இருக்கேன்னுச்சு. வந்து பாத்தேன், இருக்கு."

மாயக்காள் குனிந்து பார்த்தாள். "சிமெண்ட் போட்டுல்ல இருக்கு."

"காத்துல சாஞ்சிரக் கூடாதுன்னு நான்தான் போட்டேன்."

"நெத்தியில நம்பரு?"

"அதுவும் நான் எழுதுனதுதான். ஒரு அடையாளத்துக்கு."

அவள் அவர் முகத்தையே கொஞ்சநேரம் பார்த்தாள். "சரி. வந்த சாமி ஏதாச்சும் கேக்குமே. கேட்டுச்சா?"

"இன்னும் கேக்கல."

"கேட்டா என்கிட்ட மறைக்காம சொல்லுங்க," என்றுவிட்டு மட்டையை எடுத்துக்கொண்டு போனாள்.

தப்பித்தோம் என்று நினைத்தார். மறுநாள் கல்லுக்கு மஞ்சள் பூசியிருந்தது. அதற்கடுத்து ஒரு சிவப்புத் துணி. பிறகு மாயக்காளோடு ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்கள் ஜீப்பை வழியிலேயே நிறுத்தி இறங்கி வந்து கும்பிட்டார்கள். ஒருத்தி மகனுக்கு வேலை கேட்டாள். ஒருத்தி விளக்கு ஏற்றினாள். டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.

வாரம் முடிவதற்குள் லூர்துநாதன் வந்துவிட்டார். துணி கட்டிய கல்லைச் சுற்றி வந்தார். சிவப்புப் பெயிண்ட் அவருக்குத் தெரியாததா? அவர் தோப்பிலும் அதே மாதிரிக் கல் நட்டு, பிறகு பிடுங்கிப் போயிருந்தார்களே.

"ஏப்பா தங்கப்பாண்டி, நான் ராயப்பன்பட்டி சர்ச்சுக்குப் போறவன். எனக்குக்கூட புளியந்தோப்புல ஒரு சிலுவையை நட்டுவச்சு அணையை நிறுத்தலாம்னு தோணல. உனக்குத் தோணியிருக்கு."

"அண்ணே, அப்படி இல்ல."

"உன் இடத்துக்கு வந்ததும் சாமி காவலுக்கு வந்துருச்சுன்னு ஊரே பேசுது. வெள்ளிக்கிழமை அந்தப் பொறியாளர் பொண்ணு கல்லைச் சரிபார்க்க வருது. குழுவுல எல்லாரும் வாராக. அங்கன வந்து பதில் சொல்லு."

தங்கப்பாண்டியனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் சாமியை அனுப்பியாக வேண்டும். காலையில் மாயக்காளிடம் மெதுவாக ஆரம்பித்தார்.

"திரும்பவும் கனவு வந்துச்சு. சாமி கிளம்பிருச்சாம்."

"எங்க?"

"சுருளிப் பக்கம்."

"போகும்போது கல்லை விட்டுட்டா போச்சு?"

"அது வெறுங்கல்லு இனிமே."

மாயக்காள் முடியை அள்ளி முடிந்துகொண்டாள். "நம்ம மேல ஏதோ கோவம் போலருக்கு. சும்மா விடக் கூடாது. வெள்ளிக்கிழமை வேலைக்குப் போகல. எல்லாரையும் கூப்பிட்டு அங்கனயே பொங்கல் வச்சிருவோம்."

வெள்ளிக்கிழமை தோப்பில் ஒரு பக்கம் பொங்கல் பானைகள் புகைந்தன. மறுபக்கம் குழு உறுப்பினர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். நடுவில் அளவைக் கருவியோடு யுவராணியும், அவளுடைய உதவியாளன் எட்வினும். கருவியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கல்லின் கழுத்தில் செவ்வந்தி மாலை தொங்கியது.

"சார், இது எங்க கல்லு மாதிரி இருக்கே," என்றாள் யுவராணி.

"அது சாமின்னு செயலாளர் சொல்லுறாரு," என்றார் லூர்துநாதன். "அவரையே கேளுங்க."

எல்லோரும் தங்கப்பாண்டியனைப் பார்த்தார்கள். அவர் மாயக்காளைப் பார்த்தார். அவள் அடுப்புக்கு மட்டையைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

அந்தத் தென்னைகள் கன்றாக இருந்த கோடையில் தோப்புக் கிணறே வற்றிப்போனது. அவள் எங்கிருந்தோ குடம் குடமாகச் சுமந்து வந்து ஊற்றித்தான் அவற்றைக் காப்பாற்றினாள். அப்போது அவர் அணைக் கூட்டம் என்று வெளியூர் சுற்றிக்கொண்டிருந்தார். அது இப்போது நினைவுக்கு வந்தது.

"மாயக்கா, அது சாமி இல்லத்தா," என்றார். "அளவுக் கல்லு. நம்ம தோப்பு தண்ணிக்குள்ள போகுது. உன்கிட்ட சொல்ல எனக்குத் தைரியம் இல்ல."

அவள் அடுப்பிலிருந்து ஒரு மட்டையை வெளியே இழுத்து, தீயைத் தணித்தாள்.

"கீழ நம்ம காடு காஞ்சு கெடக்கு. ஊர்ல எல்லார் காடும் அப்படித்தான். நீ இருட்டோட எந்திரிச்சு அந்த ஜீப்புல நெருக்கியடிச்சுப் போற. மலையில எங்கயாச்சும் வண்டி கவுந்துச்சுன்னு சேதி வந்தா, ஊர்ப் பேரைக் கேக்குற வரைக்கும் எனக்கு உசுரு இல்ல. இங்கன தண்ணி நின்னா நீ போக வேண்டியதில்ல. ஆனா அதுக்கு உன் தோப்புதான் வேணும்னா, எப்படிக் கேக்குறது? லூர்து அண்ணன்கிட்ட சுலபமாக் கேட்டுட்டேன். அது அவர் மரம். இது..."

லூர்துநாதன் தரையைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் வந்து அவர் தோளில் கை போட்டார்.

"இடம் அவ பேர்ல இருக்கு," என்று தங்கப்பாண்டியன் யுவராணியிடம் சொன்னார். "அவ மாட்டேன்னா நான் குழுவுலருந்து விலகிக்கிறேன். அவளை யாரும் ஒரு வார்த்தை கேக்கக் கூடாது."

மாயக்காள் எழுந்து சேலையில் கையைத் துடைத்தாள். "இதைச் சொல்ல இத்தன நாளா?" என்றாள். குரலில் கோபம் இல்லை. கல்லிடம் போய் மாலையைக் கழற்றினாள், துணியை அவிழ்த்தாள். "மஞ்சளைக் கழுவிக் குடுக்குறேன், அளந்துக்கங்கம்மா," என்று சொல்லிவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் நடந்தாள்.

தங்கப்பாண்டியன் ஒரு தென்னையில் சாய்ந்து உட்கார்ந்தார். அவள் இவ்வளவு சீக்கிரம் சம்மதித்தது அவருக்குச் சந்தோஷமா துக்கமா என்று விளங்கவில்லை.

எட்வின் கருவியின் கால்களை விரித்து வைத்துக்கொண்டே கேட்டான்.

"ஏண்ணே, அக்கா உங்ககிட்ட சொல்லவே இல்லையா? மேல பாறை இல்ல, திட்டத்தையே விட்டுரலாம்னு மேடம் சொன்ன அன்னைக்கு, எங்களை இந்தத் தோப்புக்குக் கூட்டிட்டு வந்து, 'இங்கன தோண்டிப் பாருங்க'ன்னு சொன்னதே அவுகதானே."