அம்புறோஸின் பிழைகள்

"இஞ்சாருங்கோ, இப்ப எத்தினை மணி?"

சப்பாத்துக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த பஸ்தியாம்பிள்ளைக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. இரண்டு வருஷமாக விடிந்தால் ஐரின் இதைத்தான் கேட்கிறாள். வீட்டில் மணிக்கூடு இல்லையென்று அவளுக்குத் தெரியும். அது இல்லாமற் போனதற்குத் தன் புருஷன்தான் காரணம் என்றும் தெரியும். தெரிந்துகொண்டு கேட்டால் அது கேள்வியா? சுத்தக் குத்தல்!

"வெளியிலை எட்டிப் பாத்தால் தெரியும் தானே!"

"மழை மூட்டத்துக்கை என்னத்தைப் பாக்கிறது? என்ரை அப்பு கலியாணத்துக்குத் தந்த மணிக்கூடு. அது திரும்பி வராட்டில் இந்தப் பாஸ்குவுக்கு நான் அப்பு வீட்டை போய் நிக்கிறன். அவர் கேட்டால் உள்ளதைச் சொல்லுவன்."

பஸ்தியாம்பிள்ளை கயிற்றை அவசரமாக முடிந்தார். மாமனார் நீதிமன்றத்தில் கோட்டு முதலியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கேள்வி கேட்பதே அவருக்குத் தொழிலாக இருந்தது. உயிர்த்த ஞாயிறான பாஸ்குத் திருநாளுக்கோ இன்னும் நாலு மாதம்தான் இருந்தது. கழுத்தில் கிடந்த சின்ன அந்தோனியார் பதக்கத்தை வழக்கம்போலத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

மணிக்கூடு ஒன்றும் தொலைந்து போகவில்லை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில், முனாபின் பலசரக்குக் கடையில், அரிசி மூட்டைகளுக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. கண்டிக்குப் போகிற பஸ் அந்தக் கடைக்கு முன்னால்தான் நிற்கும். பஸ்தியாம்பிள்ளை ஏறுகிற நேரம் பார்த்து, அது 'டாண் டாண்' என்று ஏழு அடிக்கும். பஸ்ஸிலிருக்கிற அத்தனை பேரும் அதைப் பார்ப்பார்கள்.

"கிளாக்கர் ஐயாட மணிக்கூடு ஒரு நாளும் பிந்தாது" என்பான் கொண்டக்டர். அவனை ஆற்றில் தள்ளினால் என்ன என்று அவருக்கு இருக்கும்.

எல்லாம் முந்நூற்றி நாலு செய்த வேலை. நாலு பேர் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஆடுகிற சீட்டாட்டம் அது. கையில் வந்ததைப் பார்த்து, இத்தனை புள்ளி எடுப்பேன் என்று ஒவ்வொருவரும் கேள்வி கேட்க வேண்டும். கூடக் கேட்டவர் கேட்டதை எடுத்தாக வேண்டும், குறைந்தால் தோல்வி. இதில் ஜாக்தான் பெரிய சீட்டு, அடுத்தது ஒன்பது, பிறகு ஆஸ். பஸ்தியாம்பிள்ளைதான் முனாபுக்கு இந்த ஆட்டத்தைப் படிப்பித்தவர். ஆம், இவர் படிப்பித்த ஆள்! காசு வைத்து ஆடினால் இவருக்குப் பாவம், அவருக்கு ஹராம். அதனால், மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை யார் வெல்லுகிறார்களோ அவர்களிடம் மணிக்கூடு இருக்கட்டும் என்று பெருந்தன்மையாக இவரே சொல்லி, இவரே சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு போனார். அன்று போன மணிக்கூடு இன்னும் திரும்பவில்லை.

இந்த வயிற்றெரிச்சலைக் கந்தோரில் பெரிய கிளாக்கரிடம் கொட்டினார். அவர் மூக்குப்பொடியை இழுத்துவிட்டுச் சொன்னார்:

"தோத்த ஆட்டத்தை வீட்டை போய் எழுதிப் பாரும். ஆர் எந்தக் காட் போட்டது, எங்கை பிழைச்சது எண்டு வடிவாப் படியும். பிழையைப் படிச்சவன் திரும்பத் தோக்க மாட்டான்."

பஸ்தியாம்பிள்ளைக்கு இது பிடித்துப்போயிற்று. அன்றைக்கே ஒரு கொப்பி வாங்கி, அட்டையில் 'என் பிழைகள்' என்று அழகாக எழுதினார். அடுத்த முதல் ஞாயிறு தோற்றுவிட்டு வந்ததும், விழுந்த சீட்டையெல்லாம் ஒன்று விடாமல் கொப்பியில் ஏற்றினார். பிறகு சாப்பாட்டு மேசையில் அதே சீட்டுகளைப் பரப்பினார். ஐரின் முனாப். மகள் டொரதி, முனாபின் கூட்டாளி மக்கீன். தன்னுடைய கூட்டாளி அம்புறோஸுக்கு ஆள் கிடைக்காததால், அவருடைய கதிரையில் ஒரு தலையணையை நிமிர்த்தி வைத்து, அதற்கும் சேர்த்துத் தானே ஆடினார்.

அபார வெற்றி! திரும்பத் திரும்ப ஆடினார், ஒருதரமும் தோற்கவில்லை.

"பாத்தீரே ஐரின்? என்னிலை ஒரு பிழையும் இல்லை. எல்லாம் அம்புறோஸ்."

"அப்ப ஞாயிற்றுக்கிழமைக்குத் தலையணையைக் கொண்டு போங்கோவன்" என்றாள் ஐரின்.

அந்தக் கொப்பியில் இன்னொரு விஷயமும் பதிவாகியிருந்தது. பஸ்தியாம்பிள்ளைக்கு நல்ல சீட்டு வந்த நேரமெல்லாம் முனாப் விடாமல் கேள்வியை ஏற்றிக்கொண்டே போய், இவர் எட்டாத உயரத்துக்கு வந்ததும் சட்டென்று நிறுத்தியிருந்தார். அதற்குப் பக்கத்தில் பஸ்தியாம்பிள்ளை, 'ஆடத் தெரியாதவன் கண்டபடி ஏற்றுகிறான். குருட்டு அதிர்ஷ்டம்' என்று சிவப்பு மையால் எழுதினார். அட்டையில் 'என்' என்பதை வெட்டிவிட்டு, 'அம்புறோஸின்' என்று திருத்தினார்.

அதோடு சும்மா இருந்திருக்கலாம். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நின்ற அம்புறோஸிடம் கொப்பியை நீட்டினார். அம்புறோஸ் பள்ளிக்கூட வாத்தியார். மற்றவர்கள் கொப்பியில் பிழை பிடித்துத்தான் அவருக்குப் பழக்கம்.

"இதென்ன காணும், முப்பத்தேழு பிழை? எல்லாம் நான் விட்டதோ?"

"முப்பத்தெட்டு. மற்றப் பக்கத்தையும் பாரும்."

"பஸ்தி, நானும் கன நாளா உமக்கு ஒண்டு சொல்லோணும் எண்டு..."

"நீர் ஒண்டும் சொல்ல வேண்டாம். உம்மடை இடத்திலை ஒரு தலையணையை வச்சு ஆடிப் பாத்தன். அது உம்மை விட நல்லா விளையாடுது."

அம்புறோஸின் முகம் கறுத்தது. இருபது வருஷச் சினேகம். கொப்பியை மூடிக் கையில் கொடுத்துவிட்டு போய்விட்டார்.

போகட்டுமே! கூட்டாளிக்கு என்ன பஞ்சம்? அடுத்த மாதத்துக்கு பஸ்தியாம்பிள்ளை, ரோட்டு ஓவசியர் பெரியதம்பியைப் பிடித்தார். விழுந்த சீட்டு ஒவ்வொன்றையும் நினைவில் வைத்திருக்கிற ஆள். அவரோடு சேர்ந்து ஆடியதில் ஐந்து ஆட்டத்தில் ஐந்தும் தோல்வி. பாலத்தைக் கடக்கும்போது பெரியதம்பி கேட்டார்:

"அண்ணை, இந்தாள் என்ன, உங்கடை காட்ஸை முதுகுக்குப் பின்னாலை நிண்டு பாத்த மாதிரியெல்லே கேக்குது?"

"விசர்க்கதை கதையாதையும். என்ரை முதுகுக்குப் பின்னாலை சுவர் மட்டும்தான் இருக்கு. பிழை உம்மடை!"

பெரியதம்பியும் அன்றோடு வரவில்லை. கொப்பியில் அவருக்கும் பதினொரு பக்கம் ஒதுக்கப்பட்டது.

ஐரின் பார்த்தாள். இனி மனுஷனை நம்பிப் பிரயோசனமில்லை என்று அந்தோனியாரிடம் போனாள். காணாமற் போனதை மீட்டுத் தருகிறவர் அவர்தானே? ஒன்பது நாள் நவநாள் செபம் வைத்து, சுவாமியாரிடம் மந்திரித்த பெரிய பதக்கம் ஒன்றை வாங்கி வந்தாள். ஒரு ரூபாய் நாணயக் குற்றியை விடப் பெரிசு, பளபளவென்று மின்னியது.

"அந்தச் சின்னனைக் கழட்டிப்போட்டு இதைப் போடுங்கோ. நல்ல காட்ஸ் வந்தால் அவருக்கு நன்றி சொல்ல மறந்திடாதையுங்கோ."

"நான் எண்டைக்கு மறந்தனான்?" என்றார் பஸ்தியாம்பிள்ளை, மனம் நொந்து.

மாசி மாதமும் தோற்றார். கூட்டாளியாக வந்த தபாற்கந்தோர்க்காரர், பாதி ஆட்டத்திலேயே தலைவலி என்று எழும்பிப் போய்விட்டார். இவர் பெருமூச்சு விடுவதைப் பார்க்க முனாபுக்கே இரக்கமாகிவிட்டது.

"கிளாக்கர் ஐயா, ஏன் இப்பிடி மனசு நோகுறீங்க? மணிக்கூட்டக் கழட்டித் தாறேன், ஊட்டுக்குக் கொண்டு போங்க. எங்களுக்குப் பள்ளியில பாங்கு சொல்றது கேக்குதுதானே? மணிக்கூடு என்னத்துக்கு?"

கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். ஐரின் சிரித்திருப்பாள், மாமனாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனால் பஸ்தியாம்பிள்ளை கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார்.

"எனக்குப் பிச்சை போடுறீரோ? படிப்பிச்சவனுக்கே பிச்சையோ? அடுத்த முதல் ஞாயிறு கடைசி ஆட்டம். தோத்தால் மணிக்கூடு உமக்கே சொந்தம். நான் இந்தப் பக்கம் திரும்பியும் பாக்க மாட்டன்!"

வீராப்பாகச் சொல்லிவிட்டுப் பாலத்துக்கு வந்த பிறகுதான், தனக்கு ஒரு கூட்டாளிகூட இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

மூன்று நாள் மானத்தோடு மல்லுக்கட்டிவிட்டு அம்புறோஸ் வீட்டுக் கதவைத் தட்டினார். அம்புறோஸ் உள்ளே வரச் சொல்லவில்லை.

"ஏன், தலையணைக்குச் சுகமில்லையோ?"

"அம்புறோஸ், பாஸ்கு கிட்ட வந்திட்டுது. மணிக்கூடு வராட்டில் ஐரின் தேப்பன் வீட்டை போயிடுவாள்."

ஐரின் அம்புறோஸின் பெண்சாதிக்கு ஒன்றுவிட்ட தங்கை.

"ஐரினுக்காக வாறன். ஆனா நான் சொல்லுறதை ஒருக்கால்..."

"ஒண்டும் சொல்லாதையும். கொப்பியிலை எல்லாம் இருக்கு. நான் சொல்லுற மாதிரி விளையாடினால் போதும்."

அம்புறோஸ் கதவைச் சாத்தினார்.

பங்குனி முதல் ஞாயிறு, பின்னேரம். கடையின் பின்னறையில் நாலு பேரும் உட்கார்ந்தார்கள். தேத்தண்ணி ஊற்றுகிற வீரையா கதவடியில் கேத்தலோடு நின்றான். தேயிலைத் தோட்ட வேலையை விட்டுவிட்டு வந்து இரண்டு வருஷமாக இந்தக் கடையில்தான் இருக்கிறான். நாலு ஆட்டம் முடிந்தது. இரண்டு அவர்களுக்கு, இரண்டு இவர்களுக்கு. எஞ்சியது ஒன்றே ஒன்று.

மக்கீன் சீட்டைப் பகிர்ந்து போட்டார். பஸ்தியாம்பிள்ளை விரித்துப் பார்த்தார். இரண்டு ஜாக்! ஓர் ஒன்பது! ஓர் ஆஸ்! சட்டையின் மேல் பொத்தானுக்குள் இரண்டு விரலை விட்டுப் பதக்கத்தைப் பிடித்தார். 'அந்தோனியாரே, உமக்குத் தோத்திரம்.' முகத்தை மட்டும் கல்லு மாதிரி வைத்துக்கொண்டார். அந்த விஷயத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை.

"நூற்றித் தொண்ணூறு" என்றார்.

"இருநூறு" என்றார் முனாப், தன் சீட்டைக்கூட ஒழுங்காகப் பார்க்காமல்.

"இருநூற்றிப் பத்து."

"இருநூற்றி இருவது."

அம்புறோஸ் இருமினார். பஸ்தியாம்பிள்ளை அவரை முறைத்தார். கையில் இரண்டு ஜாக்கை வைத்துக்கொண்டு, தான் படிப்பித்தவனுக்கு விட்டுக்கொடுப்பதா?

"இருநூற்றி முப்பது!"

"இருநூற்றி நாப்பது" என்றார் முனாப், பாக்கை மென்றுகொண்டு.

"இருநூற்றி ஐம்பது!"

முனாப் சிரித்துக்கொண்டே சீட்டைக் குவித்துக் கவிழ்த்தார்.

"எனக்கு வேணாம் ஐயா. நீங்களே எடுங்க."

ஆட்டம் உயிரைக் கொடுத்து நடந்தது. அம்புறோஸ் அன்று தேவதூதன் மாதிரி விளையாடினார், ஒரு பிழை இல்லை. எண்ணிப் பார்த்தபோது இருநூற்றி நாற்பது இருந்தது. பத்துப் புள்ளி குறைவு!

பஸ்தியாம்பிள்ளை மேசையில் ஓங்கிக் குத்தினார்.

"அநியாயம்! இதைவிட நல்ல காட்ஸ் ஒரு மனுசனுக்கு வராது! தலைகீழாய்ப் படிச்சன். நூற்றி நாப்பது பக்கம் எழுதினன். ஒரு பிழை காட்டுங்கோ பாப்பம்! ஒரு பிழை!"

முனாப் கூரையைப் பார்த்தார். மக்கீன் சீட்டை அடுக்கினார். கடையின் முன்பக்கத்தில் மணிக்கூடு ஐந்தடித்தது. அப்பு தந்த மணிக்கூடு. இனி முனாபின் மணிக்கூடு. பஸ்தியாம்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. கொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தார். அம்புறோஸ் அவர் தோளில் கை வைத்துக்கொண்டு கூடவே வந்தார்.

"சொல்ல வந்ததை இனியெண்டாலும் சொல்லும்" என்றார் பஸ்தியாம்பிள்ளை ஈனக் குரலில்.

அம்புறோஸ் வாய் திறக்கும் முன் வீரையா பின்னால் ஓடி வந்தான். தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, மிகவும் பணிவாக நின்றான்.

"அய்யா, கோவிச்சுக்காதீங்க. ஒங்க சட்டைக்குள்ள இருக்கே அந்தச் சாமி, அதுல எனக்கும் ஒண்ணு வாங்கித் தாங்கய்யா. ரெண்டு வருசமா பாக்குறேன், ரொம்ப சக்தியுள்ள சாமி: நீங்க தொட்டா எங்க மொதலாளி ஒங்கள ஏத்தி விட்டுட்டு ஒதுங்கிக்கிறாரு, தொடலைன்னா அவரே கேட்டு ஜெயிச்சுடுறாரு, ஒரு தரங்கூட பெசகினதில்லீங்க!"