பரிசைக் கடித்த முயல்குட்டி

ஒரு காட்டில் பள்ளிக்கூடம் ஒன்று யாருக்கும் தொந்தரவில்லாமல் நடந்துகொண்டிருந்தது. ஒருநாள் புயலடித்தது. பக்கத்து ஊரில் பல் மருத்துவ முகாமுக்காகக் கட்டியிருந்த பிளெக்ஸ் பேனர் பறந்து வந்து, பள்ளிக்கூடத்து ஆலமரத்தில் மாட்டிக்கொண்டது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

பேனரில் ஒரு மனிதக் குழந்தை பல் தெரியச் சிரித்தது. அதன் கீழே, 'காலையும் இரவும் பல் துலக்கு. இனிப்பைத் தவிர். கெட்டியானதைக் கடிக்காதே' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அந்தக் காட்டு விலங்குகளுக்கு ஒரு குணம் உண்டு. யாராவது வாயால் சொன்னால் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். அதையே பெரிய எழுத்தில் அச்சடித்துக் கட்டிவிட்டால் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். தலைமையாசிரியர் கரடியும் அப்படித்தான். இனி பல் பாதுகாப்பும் ஒரு பாடம் என்று அன்றைக்கே அறிவித்துவிட்டார். இனிப்பைத் தவிர்ப்பது மாணவர்களுக்கு மட்டும்தான் என்று ஒரு விளக்கமும் சொன்னார். அப்போது அவர் முழங்கையில் தேன் வழிந்துகொண்டிருந்தது.

பாடம் எடுக்க யாரைப் போடுவது? நரி டீச்சரின் பல்லைப் பார்த்தால் குழந்தைகள் பயந்துவிடுவார்கள். குரங்கு வாத்தியாரின் பல் மஞ்சள். கடைசியில் நாரை டீச்சரைப் போட்டார்கள். அவருக்கு ஒரு பல்கூடக் கிடையாது, அதனால் பாரபட்சம் இருக்காது என்றார் கரடி. எல்லோருக்கும் அது நியாயமாகவே பட்டது.

நாரை டீச்சர் கெட்டவர் இல்லை. எடுத்த வேலையை முடிக்காமல் விடமாட்டார், அவ்வளவுதான். எல்லோரும் வேப்பங்குச்சி கொண்டுவர வேண்டும் என்றார். யானைக்குட்டி ஒரு கிளையையே ஒடித்துக்கொண்டு வந்தது. சீக்கிரத்திலேயே வேப்பமரம் மொட்டையாக நின்றது. பிறகு ஒவ்வொருவராக வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். மான்குட்டிக்கு மேல்வரிசையில் முன்பல்லே இல்லை. மான் ஜாதிக்கே கிடையாது. டீச்சருக்கு அது தெரியாது. மிட்டாய் தின்றால் இந்தக் கதிதான் என்று அதை எழுப்பி நிறுத்திக் காட்டினார். மிட்டாய் என்றால் என்ன என்று மான்குட்டி பணிவாகக் கேட்டது. எதிர்த்துப் பேசினால் மிச்சப் பல்லும் விழும் என்று பதில் வந்தது.

அந்த வகுப்பில்தான் தும்பை என்ற முயல்குட்டி படித்தது. டீச்சர் சொல்லைத் தட்டாத பிள்ளை. அதன் பக்கத்தில் கொய்யா என்ற அணில்குட்டி உட்கார்ந்திருக்கும். அது யார் சொல்லையும் கேட்காத பிள்ளை. முயலுக்கும் அணிலுக்கும் பல் என்பது நகம் மாதிரி, சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். கெட்டியான எதையாவது கொறித்துத் தேய்த்தால்தான் அளவோடு நிற்கும். இது பேனரில் இல்லை. பேனர் மனிதர்களுடையது, பாவம், அதற்கு என்ன தெரியும்?

கொய்யா வழக்கம்போல் பெஞ்சைக் கொறித்தது. டீச்சர் வெளியே போய் நில் என்றார். வெளியே நின்று வாசல் கம்பத்தைக் கொறித்தது. தும்பையோ வீட்டில் கிழங்கும் மரப்பட்டையும் வைத்தாலும் தொடவே இல்லை. கெட்டியானதைக் கடித்தால் டீச்சருக்குப் பிடிக்காது என்றது. தும்பையின் அம்மாவுக்குத் தன் பிள்ளை பள்ளிக்கூடம் போவதில் அப்படி ஒரு பெருமை. இளம்புல்லைக் கசக்கிப் பிசைந்து ஊட்டினாள். மரப்பட்டையைப் பிள்ளை பார்க்காத நேரத்தில் புதருக்குப் பின்னால் போய் அவளே தின்றாள்.

தும்பையின் பல் வளர்ந்தது. உதட்டைத் தாண்டியது, தாடையைத் தொட்டது. நாரை டீச்சருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தும்பையை முன்னால் நிறுத்தி, சொன்னபடி கேட்டால் பல் எப்படி வரும் பாருங்கள் என்று காட்டினார். வகுப்பே கைதட்டியது. தும்பைக்கும் சந்தோஷம்தான். ஆனால் வாயை மூட முடியவில்லை. அப்புறம் பிசைந்த புல்லும் உள்ளே இறங்கவில்லை. பட்டினியோடு நின்று கைதட்டல் வாங்கிய அந்தக் குட்டியை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

அம்மா பயந்துபோய்ப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள்.

"பிள்ளை எதுவும் சாப்பிட மாட்டேங்குது டீச்சர். வாய்க்குள்ள ஒண்ணும் போகல. துரும்பா இளைச்சிட்டா."

"பல்லு எப்படி இருக்கு?"

"பல்லு... நல்லாத்தான் இருக்கு டீச்சர்."

"அப்புறம் என்னம்மா? பல்லுல கோளாறுன்னா எங்கிட்ட வாங்க. சாப்பாடு வேற டிபார்ட்மென்ட்."

பிறந்ததிலிருந்து மரப்பட்டை கடித்துத்தான் தன் பல் இந்த அளவில் நிற்கிறது என்று சொல்ல அவளுக்கு வாய்வரை வந்தது. ஆனால் படித்தவர் முன்னால் பட்டைப் பேச்சை எடுக்கக் கூச்சமாக இருந்தது. சரிங்க டீச்சர் என்று சொல்லிவிட்டு அழுதுகொண்டே திரும்பினாள்.

ஆண்டு விழா வந்தது. அதில் புன்னகைப் போட்டி வைத்தார்கள். சிறப்பு விருந்தினர் குளத்து முதலையார். அவர் பேச வாயைத் திறந்ததும் முன்வரிசை முழுவதும் பின்வரிசைக்குப் போய்விட்டது. தான் பிறந்ததிலிருந்து பல் துலக்கியதே இல்லை என்றும், ஒன்று விழுந்தால் அந்த இடத்தில் இன்னொன்று முளைத்துவிடுகிறது என்றும் முதலையார் உள்ளதைச் சொன்னார். ஐயா தன்னடக்கமாகப் பேசுகிறார் என்று நாரை டீச்சர் பிள்ளைகளுக்கு விளக்கினார்.

முதல் பரிசு தும்பைக்கு. வேறு யாருக்குக் கொடுப்பார்கள்? காட்டிலேயே அதிகமாகப் பல் தெரிந்தது அதற்குத்தான். மரங்கொத்தி செதுக்கிய கருவேலங்கட்டைக் கேடயத்தைக் கையில் கொடுத்தார்கள். அதைத் தூக்கக்கூடத் தெம்பில்லாமல் தும்பை மேடை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டது. முதலையார் மறுபடி மைக்கைப் பிடித்துக்கொண்டார். மேடை ஓரத்தில்தான் தண்டனையாகக் கொய்யாவை நிறுத்தியிருந்தார்கள். அது கேடயத்தைப் பார்த்தது, தும்பையின் வாயைப் பார்த்தது.

"கடிடி."

"கெட்டியானதைக் கடிக்கக் கூடாது."

"இது பரிசுடி. பரிசைக் கடிக்கக் கூடாதுன்னு பேனர்ல எங்க போட்டிருக்கு?"

தும்பை நிமிர்ந்து பேனரை மேலிருந்து கீழ்வரை படித்தது. நிஜமாகவே அப்படிப் போடவில்லை. பாருங்கள், சாகக் கிடக்கும்போதுகூட விதியைச் சரிபார்த்துக்கொண்டது. பிறகு நிம்மதியாகக் கேடயத்தில் பல்லை வைத்தது. கறுக், கறுக் என்று சத்தம் வந்தது. முதலையார் தன் தாத்தாவின் பெருமைகளைச் சொல்லி முடிப்பதற்குள் கேடயம் மரத்தூளாகிவிட்டது. நீண்டிருந்த பல்லும் தேய்ந்து அளவுக்கு வந்துவிட்டது.

தும்பை வாயை மூடியது. திறந்தது. மறுபடி மூடியது. பிறகு எழுந்து போய் முதலையாருக்குப் போட்டிருந்த மாலையை ஒரு பக்கத்திலிருந்து தின்ன ஆரம்பித்தது. நார்கூட மிச்சமில்லை. கூட்டத்தில் நின்ற அம்மா சிரித்துக்கொண்டே அழுதாள். நானாக இருந்தாலும் அப்படித்தான் அழுதிருப்பேன்.

இனி பேனரைக் கழற்றிவிடுவார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? ஆசிரியர்கள் கூடி விவாதித்தார்கள். பள்ளிப் பரிசுக்கு அபூர்வமான மருத்துவ குணம் இருக்கிறது என்று முடிவுக்கு வந்தார்கள். அதன்படி, கெட்டியானதைக் கடிக்காத பிள்ளைகளுக்கு வாராவாரம் ஒரு கெட்டியான கேடயம் தருகிறார்கள். பிள்ளைகள் அதைக் கடித்துக்கொண்டு நலமாக இருக்கிறார்கள். மரங்கொத்திக்கு மூச்சுவிட நேரமில்லை. கொய்யாவுக்கு மட்டும் இதுவரை ஒரு கேடயமும் கிடைக்கவில்லை. அது ஒரு பெஞ்சைக் கொறித்து முடித்து அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டது.

நீதி: சொன்ன சொல்லைத் தட்டாத பிள்ளைக்குக் கட்டாயம் பரிசு கிடைக்கும், வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரியில் வைக்காமல் அங்கேயே கடித்துத் தின்றுவிட்டால் உயிரும் மிஞ்சும்.